யோசெமிட்டி வாசலில் காசில்லாமல் டென்ட் போடுவது எப்படி: ஸ்டானிஸ்லாஸ் காட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

கலிபோர்னியாவின் யோசெமிட்டி நேஷனல் பார்க்குக்குள் டென்ட் போட இடம் பிடிப்பது, தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் தத்கால் எடுப்பது மாதிரி. காலை ஏழு மணிக்கு முன்பதிவு திறக்கும். டென்ட்டா, வண்டியா என்று அது கேட்டு நாம் பதில் சொல்வதற்குள் எல்லா இடமும் போயிருக்கும். மூன்று கோடைகாலம் இப்படித் தோற்ற பிறகுதான் ஒரு நண்பர் சொன்னார்: பார்க்கின் மேற்கு எல்லையை ஒட்டி இன்னொரு காடு கிடக்கிறது, அங்கே முன்பதிவும் கிடையாது, கட்டணமும் கிடையாது.

அதுதான் ஸ்டானிஸ்லாஸ் நேஷனல் ஃபாரஸ்ட். 1897இல் ஒதுக்கப்பட்டது, கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் ஏக்கர். சியரா நெவாடா மலையின் மேற்கு அடிவாரத்தில் தொடங்கி உச்சி வரை ஏறுகிறது. இங்கே கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே நாமாக ஓர் இடம் பார்த்துத் தங்குவதற்கு ‘டிஸ்பர்ஸ்டு கேம்பிங்’ என்று பெயர். குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, மேசை இல்லை, குப்பைத் தொட்டி இல்லை. பணம் கேட்காது, அதற்குப் பதில் போவதற்கு முந்தின வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளைக் கேட்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, வீட்டில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை.

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அமெரிக்காவில் 154 நேஷனல் ஃபாரஸ்ட்கள் இருக்கின்றன. நீங்கள் கொலராடோவிலோ அரிசோனாவிலோ இருந்தாலும் படிகள் பெரும்பாலும் இவைதான், எண்களும் அனுமதிகளும் மாறும்.

பார்க் வேறு, ஃபாரஸ்ட் வேறு

இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். நேஷனல் பார்க்குகள் அமெரிக்க உள்துறையின் கீழ் வருகின்றன. (பெயர்தான் உள்துறை, நம் ஊர் உள்துறை மாதிரி போலீஸ் வேலை இல்லை, நிலங்களைப் பார்ப்பதுதான் வேலை.) நேஷனல் ஃபாரஸ்ட்கள் வேளாண் துறையின் கீழ் உள்ள ஃபாரஸ்ட் சர்வீஸுக்குச் சொந்தம். பார்க்கில் இயற்கையை அப்படியே வைத்துக் காப்பதுதான் நோக்கம். ஃபாரஸ்ட்டில் மரம் வெட்டுவார்கள், மாடு மேயும், பருவத்தில் வேட்டைக்கு ஆள் வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை சுட்டுப் பழகுகிறவர்களின் துப்பாக்கிச் சத்தமும் கேட்கும். அந்தத் தாராளத்தில்தான் நமக்கும் ஓர் இடம் கிடைக்கிறது.

யோசெமிட்டிக்குள் சாலையோரம் காரை நிறுத்திவிட்டு உள்ளே படுத்துத் தூங்கக்கூடாது. இரவில் ரேஞ்சர் வந்து கண்ணாடியைத் தட்டுவார். எல்லையைத் தாண்டி ஃபாரஸ்ட்டுக்குள், அனுமதி உள்ள சாலையோரத்தில், அதே காரில் அதே தூக்கம் சட்டப்படி சரி. பொதுவாக 14 நாள் வரை தங்கலாம் என்பார்கள். காட்டுக்குக் காடு இந்தக் கணக்கு மாறும். 75 பேர் அல்லது அதற்கு மேல் கூடினால் மட்டும் தனி அனுமதி வேண்டும். தமிழ்ச் சங்கத்தையே அழைத்துப் போக நினைப்பவர்கள் தலையை எண்ணிக்கொள்ளவும்.

படி 1: மாதத்தைப் பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள்

அடிவாரம் என்றதும் குளுகுளு என்று நினைக்கவேண்டாம். 120ஆம் நெடுஞ்சாலையில் குரோவ்லாந்து ஊர் சுமார் 3,000 அடியில் இருக்கிறது. ஜூலை மதியத்தில் அங்கே டென்ட்டுக்குள் இருந்தால் ஆவியில் வேகும் இட்லிதான். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்பது பொதுக்கணக்கு.

என் வழக்கம் இது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை 3,000 முதல் 4,500 அடி: ஓடையில் தண்ணீர் இருக்கும், காட்டுப்பூ இருக்கும், கொசுவும் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் 5,500 அடிக்கு மேல். செப்டம்பரில் எங்கும் போகலாம், தீ அனுமதித்தால். அக்டோபர் அழகான மாதம், ஆனால் மான் வேட்டைப் பருவம். குழந்தைகளுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுவிடுங்கள். மே மாதத்தில் மேலே போகத் திட்டமிட்டால், பனிக்காகப் பூட்டிய கேட் இன்னும் திறக்காமல் இருக்கலாம்.

படி 2: வரைபடம்

இதில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் தப்பு செய்தால் அசௌகரியத்தோடு போகும். வரைபடத்தில் தப்பு செய்தால் அபராதம், அல்லது இரவு பதினொரு மணிக்கு ஒற்றையடிப் பாதையில் பின்னாலேயே வண்டி ஓட்டும் பாக்கியம்.

ஃபாரஸ்ட் சர்வீஸ் ஒவ்வொரு காட்டுக்கும் ‘மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்’ என்று ஒன்று வெளியிடுகிறது. காட்டுக்குள் எந்தெந்தச் சாலையில் வண்டி போகலாம் என்பதற்கு 2005இல் ஒரு விதி வந்தது. அதன்படி வரைந்த வரைபடம் இது. இலவசம். கறுப்பு வெள்ளையில், பார்க்க அறிவியல் நோட்டில் வரைந்த நரம்பு மண்டலம் மாதிரி இருக்கும். மேடு பள்ளம் தெரியாது. ஆனால் சட்டம் பேசுவது இதில்தான்: இந்த வரைபடத்தில் இல்லாத சாலை, கண்ணுக்கு முன்னால் நன்றாகத் தெரிந்தாலும், வண்டிக்குத் திறந்த சாலை அல்ல.

அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, சில சாலைகளின் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக வரும். அங்கே வண்டியைச் சாலையைவிட்டு இறக்கிக் கொஞ்சம் உள்ளே கொண்டுபோய்த் தங்கலாம் என்று அர்த்தம். எவ்வளவு உள்ளே என்பது காட்டுக்குக் காடு மாறும். சில இடத்தில் 300 அடி, சில இடத்தில் ஒரு வண்டி நீளம்தான். வரைபடத்தின் ஓரக்குறிப்பில் எழுதியிருப்பார்கள். இரண்டு, பருவத் தேதிகள்: ஒரு சாலை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை திறந்திருக்கும் என்ற அட்டவணை. மூன்று, சாலை எண்.

இந்த எண்களில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. செர்ரி லேக் ரோட்டின் எண் 1என்07. இதில் ‘1என்’ என்பது வடக்கே முதல் டவுன்ஷிப், அதாவது நில அளவைக் கட்டம். எதற்கு வடக்கே? மவுண்ட் டியாப்லோவுக்கு. ஆமாம், கான்கார்டிலும் வால்நட் கிரீக்கிலும் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற அதே மலைதான். 1851இல் அதன் உச்சியை மையமாக வைத்து கிழக்கு மேற்காக ஒரு கோடு போட்டார்கள். வட கலிபோர்னியாவின் நில அளவை பெரும்பாலும் அதிலிருந்து எண்ணப்படுகிறது. டவுன்ஷிப் ஒவ்வொன்றும் ஆறு மைல். ஆகவே சாலை எண்ணில் ‘1என்’ என்று இருந்தால் பொதுவாக அந்தக் கோட்டுக்கு வடக்கே முதல் ஆறு மைல் பட்டையைச் சேர்ந்த சாலை, ‘1எஸ்’ என்றால் தெற்கே. அந்தக் கோடு குரோவ்லாந்துக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. இது தெரிந்தால், வழிதவறி நிற்கும்போது ஒரு எண் பலகையைப் பார்த்தே ஏறத்தாழ எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

எண் பலகையிலேயே இன்னொரு ரகசியம் இருக்கிறது. எண் படுக்கைவாட்டில் எழுதியிருந்தால் சாதாரணக் கார் போகக்கூடிய சாலை. ஒல்லியான பழுப்புக் கம்பத்தில் எண் மேலிருந்து கீழாக எழுதியிருந்தால், தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டிகளுக்கானது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் முதல் பயணத்தில் செடான் காரை நம்பி, கீழ்நோக்கி எழுதிய எண்ணைப் பெருமையாகப் படித்துக்கொண்டே உள்ளே திருப்பினேன். கால் மைல் கழித்து வண்டியின் வயிற்றில் ஒரு கல் உரசியது. தோசைக்கல்லில் கரண்டியை அழுத்தி இழுத்த மாதிரி சத்தம். திரும்ப இடம் இல்லை. மனைவி டார்ச்சோடு பின்னால் நடக்க, அந்தக் கால் மைலையும் ரிவர்ஸில் வந்தோம்.

வரைபடத்தை அவென்சா என்ற செயலியில் இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். ஆனாலும் ஒரு காகிதப் பிரதி காரில் இருக்கட்டும். போன் சூட்டில் அணைந்துபோகும், காகிதம் அணையாது.

அடுத்தது, தனியார் நிலம். அடிவாரத்தில் இதுதான் பெரிய கண்ணி. சுமார் 2,500 அடிக்குக் கீழே ஓக் மரமும் காய்ந்த புல்லுமாகத் தெரிவதில் பெரும்பகுதி பண்ணையாருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம். காட்டுக்குள்ளேயும் நடுநடுவே மரக் கம்பெனிகளின் நிலமும் வீட்டு மனைகளும் சதுரம் சதுரமாகக் கிடக்கும். கையா மாதிரியான வரைபடச் செயலிகளில் பொது நிலத்தைத் தனி நிறத்தில் காட்டும் வசதி இருக்கிறது. அதையும் ஃபாரஸ்ட் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். இலவச இடங்களைப் பட்டியல் போடும் செயலி ஒன்றில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய இடத்தை நம்பி ஒருமுறை போனேன். காலையில் ஒரு பெரியவர் நாயோடு வந்து, மிகவும் மரியாதையாக, “காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள், இது என் நிலம்” என்றார். காபி இறங்கவில்லை.

படி 3: ரேஞ்சர் ஆபீஸுக்கு ஒரு போன்

120ஆம் சாலைப் பக்கம் என்றால் பக் மெடோஸில் உள்ள குரோவ்லாந்து ரேஞ்சர் ஆபீஸ். 108 பக்கம் மி-வுக் வில்லேஜ், பைன்கிரெஸ்ட். 4ஆம் சாலைப் பக்கம் ஹாத்வே பைன்ஸ். புதன் அல்லது வியாழன், அலுவலக நேரத்தில் கூப்பிடுங்கள். வாரக் கடைசியில் எடுக்க ஆள் இருப்பார் என்று நம்பவேண்டாம்.

‘எங்கே டென்ட் போடலாம்?’ என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். நீங்கள் வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று சாலை எண்களைச் சொல்லிக் கேளுங்கள். சாலை திறந்திருக்கிறதா, சாதாரணக் கார் போகுமா, மர லாரி ஓடுகிறதா, அங்கே தங்க ஏதாவது தடை உத்தரவு உண்டா, இன்றைய தீக் கட்டுப்பாடு என்ன, எத்தனை நாள் தங்கலாம். எண்ணைச் சொன்னதும் மறுமுனையில் குரல் மாறும். வீட்டுப்பாடம் செய்த ஆள் என்று தெரிந்துவிடுகிறது. ஒருமுறை, நான் சொன்ன மூன்றையும் தள்ளிவிட்டு, “அதற்குப் பக்கத்துச் சாலைக்குப் போங்கள், நிழல் இருக்கும்” என்றார் ஓர் அம்மாள். அந்த இடத்துக்குத்தான் இன்றைக்கும் போகிறோம். எண்ணை இங்கே சொல்லமாட்டேன். இணையத்தில் பெயர் அடிபட்ட இடங்கள் இரண்டே கோடையில் என்ன ஆகின்றன என்று பார்த்திருக்கிறேன்.

படி 4: தீ

பக் மெடோஸுக்குச் சற்றுக் கிழக்கே 120இல் ‘ரிம் ஆஃப் த வேர்ல்ட்’ என்று ஒரு காட்சிமுனை இருக்கிறது. கட்டாயம் நிறுத்துங்கள். எதிரே துவாலம்னி ஆற்றின் பள்ளத்தாக்கு. 2013 ஆகஸ்ட் 17 அன்று அந்தப் பக்கம் பிடித்த தீக்கு இந்த முனையின் பெயரையே வைத்தார்கள்: ரிம் ஃபயர். 2,57,314 ஏக்கர் எரிந்தது; யோசெமிட்டிக்குள்ளும் புகுந்தது. காரணம், வேட்டைக்கு வந்த ஒருவர் தடையை மீறி மூட்டிய ஒரு சின்னக் கேம்ப் ஃபயர் கையைவிட்டுப் போனதுதான் என்று விசாரணையில் சொன்னார்கள். சமைத்துச் சாப்பிட மூட்டிய தீ.

ஆகவே விதிகளை வரி வரியாகப் பின்பற்றுங்கள். கலிபோர்னியாவில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே விறகுத் தீ மட்டுமல்ல, கேஸ் அடுப்புக்கும் ‘கேம்ப்ஃபயர் பெர்மிட்’ வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. இணையத்தில் ஒரு சின்ன வீடியோ, சில கேள்விகள். முடித்தால் இலவசமாக வந்துவிடும். அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை செல்லும். அச்சடித்தோ போனில் சேமித்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் இருந்தால் மட்டும் போதாது. கோடை முற்றும்போது தீக் கட்டுப்பாடு வரும். வந்தபின் காட்டில் விறகுத் தீ, கரி அடுப்பு எல்லாம் தடை. பெர்மிட் உள்ளவர்கள் மூடித் திறக்கும் வால்வு உள்ள கேஸ் அடுப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான ஏற்பாடு. தடையை மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. நிலைமை இன்னும் மோசமானால் காட்டையே மூடுவார்கள். 2021 ஆகஸ்ட் கடைசியில் கலிபோர்னியாவின் ஏறக்குறைய எல்லா நேஷனல் ஃபாரஸ்ட்களையும் இரண்டு வாரம் மூடினார்கள். அதனால் கிளம்பும் காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விறகுத் தீ அனுமதி உள்ள காலமானால்: ஏற்கெனவே கல் வட்டம் இருக்கும் இடத்திலேயே மூட்டுங்கள், புதிதாக வட்டம் போடாதீர்கள். சுற்றிலும் ஐந்து அடிக்குச் சருகும் ஊசியிலையும் இல்லாமல் மண் தெரியும்வரை கூட்டுங்கள். மண்வெட்டி ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும். அது பெர்மிட்டின் நிபந்தனை. விறகைப் பே ஏரியாவிலிருந்து கொண்டுபோகாதீர்கள், விறகோடு பூச்சியும் சேர்ந்து பயணம் செய்யும். காற்று அடித்தால் மூட்டவே வேண்டாம்.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று: காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். ஓடிவந்த காரின் அடிவயிற்றில் புகைபோக்கியோடு இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் புல்லைப் பற்றவைக்கும் சூட்டில் இருக்கும்.

படி 5: மூட்டை கட்டுதல்

டென்ட், மெத்தை, ஸ்லீப்பிங் பேக் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் வரும். போர்வையைவிடப் பாய்க்குச் செலவு செய்யுங்கள். அவ்வளவுதான்.

தண்ணீர்: ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் என்பது குடிக்கவும் சமைக்கவும். நம் சமையலுக்கும், நம் கழுவும் பழக்கத்துக்கும் ஒன்றரை. தீயை அணைக்கத் தனியாக ஐந்து கேலன், அதைத் தொடக்கூடாது. ஓடையை நம்பினால் வடிகட்டி கொண்டுபோங்கள், அல்லது கொதிக்கவிடுங்கள்: தளதளவென்று ஒரு நிமிடம், 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம். தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் ஜியார்டியா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். அது வயிற்றைப் படுத்தும் பாடு ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும்.

சமையல்: 6,000 அடியில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. துவரம்பருப்பைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், சின்னக் குக்கர் ஒன்று கொண்டுபோங்கள், அல்லது முதல் இரவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். கொரியன் கடையில் கிடைக்கும் நீளமான பியூட்டேன் கேன் அடுப்பு கோடைக்குச் சரி. உறைபனிக் குளிர் வந்தால் பியூட்டேன் ஆவியாகாது, விடிகாலைக் காபி அம்போ. அக்டோபரில் புரொப்பேன் அடுப்பு.

மற்றவை: குப்பைப் பை நான்கு, சின்னக் கைக்கரண்டி மாதிரி ஒரு மண்தோண்டி, தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று, நல்ல நிலையில் உள்ள ஸ்டெப்னி டயர், முதலுதவிப் பெட்டி. சிக்னல் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐபோன் 14 முதல் வந்தவற்றில் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கலாம். திறந்த வானம் வேண்டும். எந்தச் சாலை, எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண் சாலையில் ஓட்டக்கூடாது என்று பெரும்பாலும் இருக்கும்.

படி 6: வெள்ளிக்கிழமை

ஃப்ரீமாண்டிலிருந்து குரோவ்லாந்து சாதாரணமாக இரண்டரை மணி நேரம். வெள்ளி மாலை 580ஆம் நெடுஞ்சாலையில் மாட்டினால் நான்கு. ஆகவே மதியமே கிளம்புங்கள், அல்லது சனி விடிகாலை. இருட்டியபின் புது மண் சாலையில் இடம் தேடுவது வேண்டாம். முடியாமல் போனால் அந்த இரவு அடிவாரத்து ஊர் ஏதாவது ஒன்றில் ரூம் எடுங்கள், தோல்வி ஒன்றுமில்லை.

பிரீஸ்ட் கிரேடு ஏற்றத்தில் ஜி.பி.எஸ். பழைய சாலையைக் காட்டும். குறுக்குவழிதான், ஆனால் செங்குத்து. மூட்டை ஏற்றிய வண்டிக்குப் புதிய சாலையே நல்லது, திரும்பி இறங்கும்போது இன்னும் நல்லது. குரோவ்லாந்தில் பெட்ரோல் போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

மண் சாலையில் ஏறியதும் வேகத்தைக் குறைத்து, வளைவுகளில் வலது ஓரம் ஒட்டிப் போங்கள். வார நாளில் மர லாரி எதிரே வரும். அது நிற்காது, நிற்க முடியாது.

படி 7: இடம் பார்த்தல்

நல்ல இடம் ஏற்கெனவே இருக்கும். கெட்டித்த மண், பழைய கல் வட்டம், கார் திரும்பிய தடம். புதிதாகப் புல்லை மிதித்து இடம் செய்யவேண்டாம். ஓடையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் எழுபது தப்படி, தள்ளி இருக்கட்டும்.

இறங்கியதும் முதலில் அண்ணாந்து பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியிலும் பட்டை வண்டுகளாலும் கலிபோர்னியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் செத்தன. அவற்றில் பல இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. ரிம் ஃபயரில் எரிந்தவை வேறு. ஊசியிலை பழுப்பாகவோ, பட்டை உரிந்து வெள்ளெலும்பாகவோ நிற்கும் மரத்தின் உயரத்தைக் கண்ணால் அளந்து, அது விழுந்தாலும் எட்டாத இடத்தில் டென்ட் போடுங்கள். காற்றே இல்லாத மதியத்திலும் விழும். தூரத்தில் ஒன்று விழுவதை ஒருமுறை கேட்டேன்: முதலில் துணி கிழிகிற சத்தம், அப்புறம் ஒரு நிசப்தம், அப்புறம்தான் இடி.

அப்புறம் கீழே பாருங்கள். மூன்று மூன்று இலையாக, கொஞ்சம் பளபளப்பாக, ஓக் இலை மாதிரி விளிம்போடு செடியோ கொடியோ இருந்தால் அது பாய்சன் ஓக். 5,000 அடிக்குக் கீழே ஏராளம். நம் ஊர்ச் சேராங்கொட்டையின் குடும்பம். பட்டால் அதே போலக் கொப்புளம். பட்டுவிட்டது என்று தோன்றினால் உடனே சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், உடுத்திய துணியையும் தனியாகத் துவையுங்கள். விறகில் அதன் காய்ந்த கொடி கலந்திருந்தால் எரிக்கவே கூடாது, புகை நுரையீரலுக்குள் அதே வேலையைச் செய்யும்.

சருகுக்குள்ளும் பாறை இடுக்கிலும் கையை விடாதீர்கள். கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கும் ஊர். காட்டுக்குள் கறுப்பு ரப்பர் குழாய் ஓடுவதைப் பார்த்தால், பின்தொடராமல் வந்த வழியே திரும்புங்கள். திருட்டுத்தனமாகக் கஞ்சா பயிரிடுகிறவர்களின் பாசனமாக இருக்கலாம். வெளியே வந்து ரேஞ்சர் ஆபீஸில் சொல்லுங்கள்.

படி 8: இரவும் கரடியும்

கலிபோர்னியாவின் கொடியில் இருப்பது கிரிஸ்லி கரடி. அது இங்கே 1920களிலேயே அற்றுப்போய்விட்டது. இப்போது இருப்பது கறுப்புக் கரடி மட்டும். கறுப்பு என்று பெயர், நிறம் பழுப்பாகவும் இருக்கும். அதற்கு நம்மேல் விருப்பம் இல்லை. நம் பெருங்காயத்தின்மேல்தான் விருப்பம்.

சமைக்கும் இடம் டென்ட்டிலிருந்து நூறு அடியாவது தள்ளி இருக்கட்டும். தாளித்த வாசனை ஏறிய சட்டையோடு டென்ட்டுக்குள் படுக்கவேண்டாம். சாப்பாடு, குப்பை, பற்பசை, குழந்தையின் சாக்லேட், தேங்காய் எண்ணெய் எல்லாம் கரடி திறக்க முடியாத கெட்டி டப்பாவில் போய், டப்பா தள்ளி ஓரிடத்தில் தரையில் இருக்கட்டும். காருக்குள் பூட்டினால் போதும் என்று நினைக்கிறோம். கதவை வளைத்துத் திறக்கக் கற்றுக்கொண்ட கரடிகள் சியராவில் உண்டு. வந்துவிட்டால் ஓடாதீர்கள். எழுந்து நின்று, பாத்திரத்தைத் தட்டி, சத்தம் போடுங்கள். எவர்சில்வர் தட்டும் கரண்டியும் இதற்குப் பிரமாதம்.

படி 9: வெளிக்குப் போதல்

ஊரில் பெரியவர்கள் சொன்ன சொல்லே போதும். தண்ணீர், பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி. முடித்ததும் மண்ணால் மூடி, மேலே சருகு. காகிதத்தைப் புதைக்கக்கூடாது, கட்டிய பையில் திரும்ப எடுத்து வரவேண்டும், எரிக்கவும் கூடாது. சொம்போடு போய்ப் பழகிய நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அமெரிக்கர்களின் கேம்பிங் கடைகள் இப்போது பாட்டில் மூடியில் மாட்டும் பீச்சுக்குழாயைப் புதுக் கண்டுபிடிப்பாக விற்கின்றன.

படி 10: ஞாயிறு காலை

பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சல்லடையில் வடித்து, ஓடையிலிருந்து 200 அடி தள்ளி வீசி இறையுங்கள். சல்லடையில் நின்ற சோற்றுப் பருக்கை குப்பைப் பைக்கு. ஆரஞ்சுத் தோல், முட்டை ஓடு, முருங்கைக்காய் சக்கை எல்லாமே பைக்குத்தான்; மக்கும் என்ற பேச்சு வேண்டாம், அந்த வறட்சியில் சீக்கிரம் மக்காது. குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்து இடத்தைப் பொறுக்கச் சொல்லுங்கள். முன்பு வந்தவர்களின் தோட்டா உறைகளும் சேர்ந்து வரும்.

தீயைக் கடைசியில் வைக்காதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்குங்கள். போன ஜூனில் நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில், யாரோ விட்டுப்போன கல் வட்டம் ஒன்று சாம்பல் பூத்துக் கிடந்தது. புகை இல்லை, சிவப்பு இல்லை. மேலே தொட்டால் குளிர்ச்சி. என் மகள் மண்வெட்டியால் ஒரு பிடி புரட்டினாள். கீழே ஊசி முனை மாதிரி ஒரு செம்புள்ளி கண்ணைத் திறந்தது. அவர்கள் காலையில் போயிருக்கவேண்டும், அப்போது மணி மூன்று.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தண்ணீரை ஊற்றுங்கள், ‘சொய்ங்’ என்ற சத்தம் நிற்கும்வரை. மண்வெட்டியால் அடிவரை கிளறுங்கள், கற்களைப் புரட்டி அவற்றின் அடியிலும் ஊற்றுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி கிளறல். கஞ்சி பதத்துக்கு வந்ததும் புறங்கையை முதலில் மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எங்கேயாவது வெதுவெதுப்பு இருந்தால் முதலிலிருந்து. அந்த ஐந்து கேலனும் இதற்குத்தான் வந்தது, மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக அல்ல. எங்களுக்கு அன்றைக்கு அடுத்தவர் தீயை அணைத்ததில் தண்ணீர் தீர்ந்து, மறுநாள் காலைக் காபிக்கு பக் மெடோஸ் வரை போகவேண்டியிருந்தது.